கோபுரம் ஏறிய அருணகிரி

திருவண்ணாமலை கோவிலுக்குப் போகிறவர்கள் வல்லாள மகாராஜா கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அருணகிரிநாதர் குதித்தது இந்தக் கோபுரத்திலிருந்துதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

ஏன் குதித்தார்?

அருணகிரி வாழ்ந்தது 15-ம் நூற்றாண்டு. விஜயநகரத்தை 1422 முதல் 1446 வரை ஆண்ட பிரபுட தேவராயர் பெயர் அவர் பாட்டிலேயே வருகிறது. மற்றதெல்லாம் செவிவழிக் கதை. ஆனால் ஊர் அதை மறக்கவில்லை.

சிறு வயதிலேயே தாய் இறந்தாள். தமக்கைதான் வளர்த்தாள். தாயில்லாப் பிள்ளை என்று கேட்டதெல்லாம் கொடுத்தாள். வாலிபம் வந்தது. அருணகிரி தாசி வீடே கதி என்று கிடந்தார். பணம் போயிற்று. நகை போயிற்று. உடம்பில் நோய் வந்தது. அப்போதும் கால் அந்தத் தெருவுக்கே போயிற்று.

குடி, கஞ்சா, சூதாட்டம் எல்லாவற்றிலும் இதே கதைதான். புத்தி வேண்டாம் என்று சொல்லும், மனம் கேட்காது. வீட்டார் அதைக் கொழுப்பு என்பார்கள். இன்றைய டாக்டர்கள் நோய் என்கிறார்கள்.

ஒரு நாள் மறுபடியும் பணம் கேட்டு நின்றார். வீட்டில் காலணா இல்லை. தமக்கை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள். அருணகிரிக்குச் சுரீரென்று உறைத்தது. கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் கைகளில் தாங்கிக்கொண்டார் என்பது கதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிழைத்தவர் உடனே ஊர் ஊராகக் கிளம்பிவிடவில்லை. கோவிலிலேயே நெடுநாள் மௌனமாக உட்கார்ந்தார் என்கிறார்கள். அலைந்த மனதைப் பழக்கினார்.

மனதைப் பழக்க இப்போது யந்திரமும் வந்திருக்கிறது. மனித மூளையில் மெல்லிய மின் அலைகள் எழுவதைப் பதிவு செய்து, 1929-ல் வெளியிட்டார் ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர். 1989-ல் அமெரிக்காவில் பெனிஸ்டன், குல்கோஸ்கி என்ற இருவர் அந்த அலைகளைக் கொண்டே குடிகாரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முடிவை வெளியிட்டார்கள். தலையில் கம்பிகளை ஒட்டுவார்கள். மின்சாரம் எதுவும் உள்ளே செலுத்துவதில்லை. அலை வேண்டியபடி அமைந்தால் ஓர் ஒலி கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு நோயாளி பழகுகிறார். ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. இது மட்டும் போதும் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. மருத்துவமும் ஆலோசனையும் கூடவே வேண்டும்.

அருணகிரிக்கு யந்திரம் ஏது? பாட்டும் தாளமும்தான். கோவில் கோவிலாக நடந்து பாடினார். பழைய வாழ்க்கையை மறைக்கவில்லை. தாசி மயக்கமும் நோயும் பாட்டுக்குப் பாட்டு வருகின்றன. அந்தத் திருப்புகழை ஏடு ஏடாகத் தேடி, 1894-ல் முதல் பாகத்தை அச்சிட்டவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. முன்சீப் வேலை பார்த்தவர். இன்று 1,300-க்கு மேற்பட்ட பாட்டுகள் கிடைக்கின்றன.

வல்லாள கோபுரத்தின் பக்கத்திலேயே கோபுரத்து இளையனார் சந்நிதி இருக்கிறது. அருணகிரியைத் தாங்கிய முருகன் இவர்தான் என்று ஊரார் காட்டுகிறார்கள்.