ஞாயிற்றினிடம் சான்று கேட்டவர்: ஜான் எவர்ஷெட்

மதுரை மாநகரின் வரலாற்றில் ஞாயிற்றுக்குத் தனியிடம் உண்டு. கணவனை இழந்த கண்ணகி, இந்நகரில் முதன்முதல் சான்று கேட்டது ஞாயிற்றினிடமே என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அக்காப்பியம் பிறந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், மதுரை மாவட்டத்தின் மலைமுகடு ஒன்றில் வேறொருவர் ஞாயிற்றினிடம் சான்று கேட்டார். அவர் கருவி தொலைநோக்கி. சான்றைப் பதிந்த ஏடு ஒளிப்படக் கண்ணாடித் தகடு. தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக ஞாயிறு சான்று பகர்ந்தபோது, தம் எண்ணத்தை விடுத்துச் சான்றை ஏற்றார் அவர். அப்பெருமகனார்தாம் கோடைக்கானல் வான்ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கிய ஜான் எவர்ஷெட்.

ஞாயிற்றின் உருவை நேரே நோக்காமல் ஒரு திரையில் விழச்செய்து ஆராயும் முறை பழமையானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம், சிறு துளையின் வழியே வந்த ஒளியைக் கொண்டு கிரகணகாலச் சூரியனின் பிறைவடிவை ஆராய்ந்தார். ஒளிப்படக்கலை தோன்றிய 19ஆம் நூற்றாண்டில் அவ்வுருவை நிலையாகப் பதிந்து வைக்கவும் இயன்றது. அக்கலையில் கைதேர்ந்தவராக எவர்ஷெட் வளர்ந்தார்.

இளமையும் ஆர்வமும்

எவர்ஷெட் 1864ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தார். எண்ணெய்களையும் வேதிப்பொருள்களையும் சோதித்துத் தரம் கூறும் பணியே அவருக்குச் சோறிட்டது. வானியல் அவர்க்கு ஓய்வுநேர ஈடுபாடு. ஆயினும் அவ்வீடுபாடு பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. 1890இல் கென்லி என்னுமிடத்தில் தமக்கென ஒரு வான்ஆய்வகத்தை அமைத்துக்கொண்டு, ஞாயிற்றின் விளிம்பில் எழும் செந்தழற் கொழுந்துகளை ஆராயலானார். நண்பர் ரான்யார்டு விட்டுச்சென்ற 18 அங்குலத் தொலைநோக்கியும் அவருக்குக் கிடைத்தது.

1898 ஜனவரி 22ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர் இந்தியாவுக்கு வந்தார். இன்றைய மகாராட்டிர மாநிலத்துத் தல்னி என்னும் சிற்றூரிலிருந்து, கிரகணத்தின் சில நொடிகளில் மட்டுமே ஒளிரும் நிறமாலையைப் படம்பிடித்தார். அவர் திறன் அறிவியலுலகுக்குத் தெரியவந்தது. மற்றொரு கிரகணப் பயணமான 1896ஆம் ஆண்டு நார்வேப் பயணத்தில்தான் மேரி ஆர் என்னும் வானியல் ஆர்வலரை அவர் சந்தித்திருந்தார். இருவரும் 1906இல் மணம் புரிந்துகொண்டனர்.

பஞ்சமும் ஆய்வகமும்

ஞாயிற்றை ஆராய மதுரைச் சீமையில் ஓர் ஆய்வகம் ஏன் எழுந்தது? விடை துயரமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. வானம் பொய்த்து, மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் வறண்டன. மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். சூரியப் புள்ளிகள் பெருகுவதும் குறைவதுமாக வரும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சிக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற வினா அப்போது வலுப்பெற்றது. ஞாயிற்றை நாள்தோறும் கவனித்தால் மழையை முன்னறியலாம் என்று நம்பினர். அந்நம்பிக்கை எண்ணியவாறு கைகூடவில்லை. ஆனால் அதன் பயனாக ஓர் ஆய்வகம் பிறந்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, பின்னர் அரசு வானியலாளரான மிச்சி சுமித், பழனி மலைத்தொடரைத் தேர்ந்தார். 1895இல் மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் ஆய்வகம் எழுந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை கோடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே.

எவர்ஷெட் தம்பதியர் 1907 தொடக்கத்தில் அங்கு வந்து சேர்ந்தனர். மலைச்சாலை முழுமையாக அமையாத காலம் அது. அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் அடைந்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறவேண்டும்.

கண்ணாடித் தகட்டில் ஞாயிறு

அங்கே நடைபெற்ற பணி பொறுமையின் பணி. தொலைநோக்கியால் ஞாயிற்றின் உருவைப் பெரிதாக்கி, கண நேரமே ஒளிபடச்செய்து, கண்ணாடித் தகட்டில் பதிவர். 1904ஆம் ஆண்டு முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் இப்பதிவு நடந்தது. வேறொரு கருவி ஞாயிற்றொளியை நிறமாலையாகப் பிரித்து, கால்சியம் உமிழும் ஒளியை மட்டும் தேர்ந்தெடுத்து, கோடுகோடாக முழு உருவையும் வரைந்தது. எவர்ஷெட் அக்கருவியைச் செம்மைப்படுத்தியதோடு, ஹைட்ரஜன் ஒளியில் படமெடுக்கும் இன்னொன்றையும் தாமே அமைத்தார். சீதாராம ஐயர், நாகராஜ ஐயர், நாராயண ஐயர் முதலிய உதவியாளர்கள் இப்பணியில் தோள்கொடுத்தனர். அவர்கள் உழைப்பின்றி அந்நெடிய வரிசை இல்லை.

கீழே சமவெளியில் வெயில் ஏறஏற நிலம் சூடாகிக் காற்று அலைபாயும். அக்காற்றின் வழியே காணும் ஞாயிற்றின் உருவும் நீரில் கண்ட உருப்போல் நடுங்கும். மலையிலும் காலைப்பொழுதே படத்திற்கு உகந்தது. இதனை நன்குணர்ந்த எவர்ஷெட், நற்காலைகளை வீணாக்கியதில்லை.

1909இன் கண்டுபிடிப்பு

1908இல் அமெரிக்க அறிஞர் ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிகளைச் சூழ்ந்து சுழல் போன்ற வடிவங்களும் படங்களில் தென்பட்டன. ஆகவே புள்ளி என்பது வாயுக்களின் சுழற்காற்று என்ற கருத்து மேலோங்கியது. அச்சுழற்சியை அளந்து காட்டவே எவர்ஷெட் முனைந்தார்.

நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் கூர்மையாகவும் விலகிச்செல்வதன் ஊதல் தணிந்தும் கேட்பதை அறிவோம். ஒளியும் அவ்வாறே. நெருங்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப்பக்கமும், விலகும் வாயுவின் கோடு சிவப்புப்பக்கமும் நகரும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் எடுத்த தகடுகளில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் சுழற்சிக்கு உரிய வகையில் அன்று. ஞாயிற்று வட்டின் விளிம்பை நோக்கிய பக்கத்தில் வாயு விலகிச் சென்றது. நடுவை நோக்கிய பக்கத்தில் நெருங்கி வந்தது. புள்ளி வட்டின் நடுவிற்கு வந்தபோது நகர்வு மறைந்தது. இதன் பொருள் ஒன்றே: வாயு சுழலவில்லை, புள்ளியின் கருமையத்திலிருந்து நாற்புறமும், ஞாயிற்றின் மேற்பரப்பை ஒட்டி, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது.

அக்கால அறிஞர் கருத்தோடு ஒத்துப்போவது எளிது. தகட்டில் பிழை நேர்ந்ததென்று ஒதுக்கியும் இருக்கலாம். எவர்ஷெட் மீண்டும் மீண்டும் படமெடுத்தார். கண்டதைக் கண்டவாறே வெளியிட்டார். அது இன்றளவும் எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் வழங்குகிறது. புள்ளியின் சாய்ந்த காந்தப்புலத்தை ஒட்டி அப்பாய்ச்சல் நிகழ்வதைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின.

பிற்காலம்

1911இல் அவர் இயக்குநர் ஆனார். 1915இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1918இல் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. கணவரோடு இணைந்து மேரி அம்மையார் ஞாயிற்றுத் தழற்கொழுந்துகளை ஆராய்ந்து எழுதிய விரிவான அறிக்கை 1917இல் வெளிவந்தது. தாந்தேயின் காப்பியத்தில் அமைந்த வானியலைக் குறித்தும் அம்மையார் ஒரு நூல் இயற்றினார். இலக்கியமும் அறிவியலும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தன.

எல்லா முயற்சியும் வென்றதாகக் கூறுவதற்கில்லை. ஐன்ஸ்டைன் கோட்பாட்டைச் சோதிக்க 1922இல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குச் சென்ற அவர் குழுவினர், கருவிக் கோளாற்றால் பயன் பெறாது திரும்பினர். 1923இல் ஓய்வுபெற்றுத் தாயகம் சென்றவர், யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் தாமே ஓர் ஆய்வகம் அமைத்து ஞாயிற்று ஆய்வைத் தொடர்ந்தார். 1956 நவம்பர் 17ஆம் நாள், 92ஆம் வயதில் மறைந்தார். 2008இல் இந்திய அஞ்சல்துறை அவர் கண்டுபிடிப்பைப் போற்றி அஞ்சல்தலை வெளியிட்டது.

கோடைக்கானல் தகடுகள் இன்று கணினிப் பதிவுகளாக மாற்றப்பட்டு, ஒரு நூற்றாண்டுக் காலச் சூரிய வரலாற்றை உலக ஆய்வாளர்க்கு வழங்குகின்றன. 2023இல் ஆதித்யா எல்-1 விண்கலம் ஞாயிற்றை ஆராயப் புறப்பட்டது. இன்று ஒரு கல்லூரி மாணவர் சிறு தொலைநோக்கியின் பின்னே மிர்ரர்லெஸ் கேமராவைப் பொருத்தி, மதுரையின் மொட்டைமாடியிலிருந்தே சூரியப் புள்ளிகளைப் படமெடுக்க இயலும். தொலைநோக்கியின் முகப்பில் அதற்கென அமைந்த சூரிய வடிகட்டியைப் பொருத்தாமல் ஒருகணமும் ஞாயிற்றை நோக்கலாகாது. கண்ணும் கருவியும் கெடும். வெயில் ஏறுமுன் எடுப்பதே நன்று என்னும் பழைய பாடமும் மாறவில்லை.

கருவிகள் மாறின, கடமை மாறவில்லை. மாணவச் செல்வங்களே, நாம் காண விரும்புவதைப் படத்தில் தேடுவது எளிது. படம் காட்டுவதை ஏற்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். சான்றின்முன் தம் கருத்தைத் தாழ்த்திய அம்மனிதர் நம் மலையில் வாழ்ந்து உழைத்தார் என்பதை நினைவிற் கொள்வோம்.