பங்கு வாங்கி முதலாளி ஆனார்
விட்டல் மல்லையா வாழ்க்கை

பெங்களூரில் கப்பன் பூங்கா அருகே உள்ள விட்டல் மல்லையா சாலையைத் தெரியாத தமிழர் இருக்க மாட்டார். அந்தப் பெயருக்கு உரியவர், பெரிய மது ஆலைகளுக்கு அதிபராக இருந்தவர்.

அவருடைய சொந்த ஊர் மங்களூர் பக்கத்தில் உள்ள பண்ட்வால். 1924-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ராணுவ டாக்டர். டேராடூனிலும் கல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

5 ஆலைகள் ஒன்றாயின

அந்தக் காலத்தில் நீலகிரி, பெங்களூர், சென்னை ஆகிய இடங்களில் வெள்ளைக்காரர்கள் சிறு சிறு பீர் ஆலைகள் நடத்தி வந்தனர். வெள்ளைக்காரப் பட்டாளத்தார்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். பீப்பாய்கள் மாட்டு வண்டியில் போயின. 1915-ம் ஆண்டு தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இப்படிப்பட்ட 5 ஆலைகளை இணைத்து, "யுனைடெட் புரூவரீஸ்" கம்பெனியை அமைத்தார்.

வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் புறப்படும் நேரம் வந்தது. அந்தக் கம்பெனியின் பங்குகளை விட்டல் மல்லையா வாங்கத் தொடங்கினார். 1947-ம் ஆண்டு அதன் முதல் இந்திய டைரக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 23-க்கு மேல் இல்லை. அடுத்த ஆண்டே தலைவர் பதவி கிடைத்தது.

மதுவிலக்கு

அதே 1948-ம் ஆண்டு சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பீர் வியாபாரத்துக்கு அது பெரிய அடி. ஆனால் மல்லையா கடையைக் கட்டவில்லை. மற்றவர்கள் விற்க முன்வந்த கம்பெனிகளை வாங்கினார். 1950-ல் "கிஸான்" கம்பெனி அவர் கைக்கு வந்தது. ஜாம், பழரசம் விற்கும் தொழிலுக்கு மதுவிலக்கு பயம் கிடையாது அல்லவா?

1951-ல் "மெக்டவல்" கம்பெனியை வாங்கினார். அது சென்னையில் தொடங்கி, வெளிநாட்டு மதுவை இறக்குமதி செய்துவந்த கம்பெனி. சரக்கை இங்கேயே தயாரிக்க, 1959-ல் கேரளத்தில் சேர்த்தலையில் ஆலை அமைக்கப்பட்டது.

1983-ம் ஆண்டு அக்டோபரில், 59-வது வயதில் விட்டல் மல்லையா காலமானார். மகன் விஜய் மல்லையா பொறுப்புக்கு வந்தார்.

பிறகு நடந்தது

தந்தை வாங்கிச் சேர்த்தவை ஒவ்வொன்றாகக் கைமாறின. கிஸான் 1993-ல் விற்கப்பட்டது. மெக்டவல் சரக்குகள், 2014-ல் இங்கிலாந்தின் "டியாஜியோ" கம்பெனி வசமாயின. பீர் கம்பெனியில் மகனுக்கு இருந்த பங்குகள் வங்கிக் கடனுக்காக விற்கப்பட்டன. 2021-ல் அவற்றை நெதர்லாந்தின் "ஹைனெகன்" வாங்கியது. அதன் பங்கு 61 சதவீதத்தைத் தாண்டியது. 5 சிறு ஆலைகளைச் சேர்த்து உண்டான கம்பெனி, இன்னொரு பெரிய கம்பெனியின் கைக்குள் போயிற்று.

பாட்டிலில் பழைய பெயர்தான் இருக்கிறது. ஆனால், பங்கு யாரிடம் அதிகமோ அவரே முதலாளி. அந்த வழியில்தான் விட்டல் மல்லையா கம்பெனிக்குள் வந்தார். அதே வழியில்தான் அவர் குடும்பம் அதை இழந்தது.

அவருடைய பழைய பீர் ஆலை இருந்த இடத்தில் இப்போது "யு.பி. சிட்டி" கட்டிடங்கள் நிற்கின்றன. சாலைக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.