ஜி.யு.போப் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று இருக்கிறதா? ஊட்டியில் பள்ளி நடத்தியவரின் கதை

தாய்மொழி நாள் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு தவறாமல் வரும். தன் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னாராம் ஜி.யு.போப். நாமும் பார்த்திருப்போம், ஷேரும் செய்திருப்போம்.

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அவர் கல்லறையில் அந்த வரி கிடையாது. தென்னிந்தியாவில் பணியாற்றியவர், தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற விவரங்களும், குடும்பத்தாரும் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்ற குறிப்பும்தான் இருக்கின்றன.

சரி, ஆள் யார்? 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். 1839இல் கிறிஸ்தவ ஊழியராகச் சென்னை வந்து இறங்கியபோது வயது 19தான். தூத்துக்குடி பக்கத்துச் சாயர்புரம், பிறகு தஞ்சாவூர் என வேலை பார்த்தார். கண்டிப்பான வாத்தியார், பிரம்பை எடுக்கத் தயங்கமாட்டார் என்ற பேரும் உண்டு.

ஊட்டிக்கு ஏன் வந்தார்?

தஞ்சாவூர் வேலை முடிந்ததும் 1850களின் கடைசியில் ஊட்டிக்கு வந்து ஒரு பள்ளி தொடங்கினார். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளி அது! தமிழுக்காக இன்று கொண்டாடப்படும் மனிதர் மலையில் பத்தாண்டுக்கும் மேல் இருந்தது ஆங்கிலச் சூழலில்தான். இருந்தும் தமிழை விடவில்லை. எழுத்து வடிவமே இல்லாத தோடர் மொழியையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு அவர் எழுதிய சுருக்கமான இலக்கணம், தோடர்களைப் பற்றி மார்ஷல் என்பவர் 1873இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது.

1871இல் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளிக்குப் போனார். 1880களில் இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் நடத்தினார். 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், 1900இல், அதாவது 80 வயதில், திருவாசகம் என ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. 1908இல் இறந்தார். மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தது 1968, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது.

அதிகம் பேசப்படாத புத்தகம்

போப் என்றால் எல்லாருக்கும் திருக்குறள்தான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால், 1855இல் அவர் போட்ட தமிழ்க் கையேட்டுக்குத்தான் முதல் மார்க். செய்யுள் தமிழை ஓரமாக வைத்துவிட்டு, ஜனங்கள் அன்றாடம் புழங்கும் தமிழைப் பாடம் பாடமாக, பயிற்சிகளோடு சொல்லித்தரும் புத்தகம் அது. வீட்டில் பேசுகிற தமிழும் உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். நாமோ ஆபீஸ் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரும் தமிழர் என்று தெரிந்தும் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறோம். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டு போன பிறகும் அந்தக் கையேட்டைத் திருத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார் போப். பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டவுன்லோடு செய்து, பயிற்சிகளில் நாலைந்தைப் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் நமக்கே தடுமாறும்.