மாநகர சபைக்குச் சென்ற வைத்தியர் அம்மா

நம் பாடசாலை தொடங்கிய நாட்களில் இலங்கைப் பெண் எவருக்கும் சட்டசபைத் தேர்தலில் வாக்கு இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியவர்களுள் ஒருவரான டொக்டர் மேரி இரத்தினம் அம்மையாரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

1873இல் கனடாவில் பிறந்து, ரொறன்ரோவில் மருத்துவம் கற்றவர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்து, மிஷன் வைத்தியராகப் பணியாற்ற 1896இல் இங்கு வந்தார். தமிழரை மணந்தவர் என்பதற்காகவே மிஷன் அவரை ஏற்க மறுத்தது. அவரோ திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

தன்னிடம் வரும் நோய்களில் பாதி, மருந்தால் தீருபவை அல்ல என்று கண்டவர் அவர். கிணறு, சமையல், பிரசவ அறை, கைக்குழந்தையின் உணவு இவற்றில் அல்லவா நோய் தொடங்குகிறது! அதனால் பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். 1930இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியை நிறுவினார். நம் ஊர்களின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு அது என்ன வகை வேலை என்று விளக்கவேண்டியதில்லை.

1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் முன்னின்றார். சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்றபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களும் பெண்கள்தானே என்று தயங்காமல் பதிலளித்தார் செயலாளர் அக்னஸ் டி சில்வா. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் மேரி அம்மையார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. வடிகால், குப்பை, குடிநீர் என்று வீட்டுப் பெண்கள் தினமும் படும் பாட்டை முடிவு செய்யும் இடம் அதுதான் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

மகிளா சமிதியில் பல்லாண்டு உழைத்த சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் பிரதமரானார். 1958இல் மகசேசே விருது பெற்ற அம்மையார் அதையும் பார்த்துவிட்டு, 1962இல் கண்மூடினார். ஆனால் நாட்டுக்குப் பெண் பிரதமர் வந்த பின்னரும் ஊர்ச் சபைகளில் பெண்கள் வரவில்லை. பல பத்தாண்டுகளாக உள்ளூராட்சி உறுப்பினர்களுள் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நூற்றுக்கு 25 என்ற ஒதுக்கீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 பெப்ரவரித் தேர்தலில்தான். அப்போதும் முழுக் கால்பங்கு கிட்டவில்லை.

மார்ச் 8ஆம் திகதி சாதனைப் பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்துவதை நாம் குறை சொல்லமாட்டோம். அந்தக் கைதட்டலும் வேண்டியதே. ஆனால் வெருகல் ஆறு பெருகி வழி மறிக்கும் மாரியில் கர்ப்பிணி ஒருத்தியை எவ்வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதைப் பொன்னாடை தீர்மானிப்பதில்லை. ஊர்ப் பாதைக்கும் கிணற்றுக்கும் பணம் ஒதுக்கும் வரவு செலவுத் திட்டம் வெருகல் பிரதேச சபைக்கு வரும் நாளில் கைதூக்குகிறவர்களுள் எத்தனை பேர் பெண்கள் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.