தெருவிளக்கும் தாசில்தாரும்

சர் தி. முத்துசாமி ஐயர் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது தெருவிளக்கே. விளக்கெண்ணெய்க்கும் வழியின்றி வீதி வெளிச்சத்தில் படித்த சிறுவன் ஹைகோர்ட்டு நீதிபதியானான் என்று கூறித் தம் பிள்ளைகளைக் கடிந்துகொண்ட தகப்பனார் எத்தனையோ பேர். அக்கதையை நாம் மறுக்க வரவில்லை. அது பாதிக் கதை என்றே சொல்லுகிறோம்.

1832-ம் வருஷம் தஞ்சை ஜில்லாவில் வறிய குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் திருவாரூர் வந்து சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காகக் கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். தாயாரும் காலமானார். அவருடைய அறிவு கணக்குக் கட்டுகளோடு முடிந்துபோக வேண்டியதே. அவ்வாறு முடியாமற் காத்தவர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். ஆற்றில் ஏற்பட்ட உடைப்பைப் பற்றி அவர் கேட்ட விவரங்களைச் சிறுவன் பிழையின்றித் திரட்டி வந்தான் என்பர். உறவினனல்லாத அப்பிள்ளையின் படிப்புக்கு அவர் ஏற்பாடு செய்து, சென்னைக்கும் அனுப்பிவைத்தார். அங்கே பவல் துரை என்னும் ஆசிரியர் அவரைக் கைதூக்கிவிட்டார். 1854-ல் ஆங்கில வியாசப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு கிடைத்தது.

சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக அவர் நியமனம் பெற்றபோது ஆங்கிலேயர் பத்திரிகைகள் தூற்றின. அதற்கு விடையிறுக்க எண்ணிய ஆறு வாலிபர்களே 1878-ல் 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினர். 1893-ல் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் விளங்கிய அவர், 1895-ல் மறைந்தார்.

அவருடைய உழைப்பை யாம் சிறிதும் குறைத்துக் கூறோம். ஆயினும் உழைப்பு மட்டுமே போதுமாயின், அந்நாளில் கணக்கர்களிடம் ஊழியம் செய்த எத்தனையோ கூரிய சிறுவர்கள் எங்கே போயினர்? மேற்படிப்பில் நாட்டம் பிள்ளையின் நெஞ்சில் தானே முளைப்பதன்று. உன்னால் ஆகும் என்று ஒருவர் சொல்லவேண்டும். சொன்னதோடு நில்லாமல் செலவுக்கும் வழி காட்டவேண்டும். இன்னுமொன்று. அச்சிறுவன் கல்வியைக் குலவழக்கமாகக் கொண்ட வகுப்பில் பிறந்தவன். ஆதலின் தாசில்தாரின் கண்ணில் பட இடமிருந்தது. கணக்கர் வீட்டுத் திண்ணையில் ஏறவும் அனுமதி பெறாத சேரிச் சிறுவனின் கூர்மையை எந்தத் தாசில்தார் கண்டார்?

ஆகவே, தெருவிளக்கைக் காட்டிப் பிள்ளைகளை வெட்கப்படுத்துவது பெரியோர்க்கு எளிது. தம் ஊரில் படிப்பை விட்டு வேலைக்குப் போகும் சிறுவன் யாரென்று விசாரித்து, அவன் வீட்டுப் படியேறி, அவனை மீண்டும் பள்ளியிற் சேர்ப்பதே கடினம். தேசத்தொண்டு செய்ய விழையும் அன்பர்கள் இக்கடினமான வேலையை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.