அடியேன் என்ற உடையவர்

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு திருவவதாரம் செய்தருளிய ஸ்ரீராமாநுஜர், திருமந்திரப் பொருளை வேண்டித் திருக்கோட்டியூர் நம்பியின் திருமாளிகைக்கு 18 முறை நடந்தார். வாசலில் நின்று நான் வந்திருப்பதாகச் சொல்லியபோதெல்லாம், அந்த நான் இறந்தபின் வருமாறு நம்பி திருப்பியனுப்பினார் என்றும், அடியேன் என்று விண்ணப்பித்த பின்பே அருள்புரிந்தார் என்றும் பெரியோர் சொல்வர்.

இதனால் நான் என்பதே பொய் என்று கொள்ளலாகாது. உடையவர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை வெகு நுட்பமாகப் பிரித்தருளினார். உடலை நான் என்று மயங்குவது அஹங்காரம், அது களையத்தக்கது. உறங்கி எழுந்தவன் தான் சுகமாக உறங்கியதாக உணர்கிறானே, உறக்கத்திலும் அணையாத அந்த நான் ஆத்மாவேயாம். மோக்ஷத்திலும் அதற்கு அழிவில்லை. அவ்வாத்மா எம்பெருமானுக்குச் சரீரமாதலால், நான் என்னும் சொல் உள்நின்று நடத்தும் அவனளவும் சென்று முடியும். பிரஹ்லாதாழ்வான் அனைத்தும் தானே என்று பேசியது இப்பொருளில்தான். இரணியனும் அதே சொல்லைத்தான் சொன்னான்! நாமக்கல் குடைவரையில் அவன் மார்பு பிளக்கப்படும் கோலத்தைச் சேவிப்போர், தந்தையின் நானையும் மைந்தனின் நானையும் ஒருங்கே நினைக்கலாம்.

இந்தக் கொங்கு நாட்டுக்கும் உடையவர் எழுந்தருளியதுண்டு. சோழ மன்னனின் கொடுமையால் காஷாயம் களைந்து, வெள்ளாடையுடன் மேல்நாடு செல்லும் வழியில், முன்பு திருவரங்கத்தில் அவரிடமே உபதேசம் பெற்ற கொங்குப் பிராட்டியின் இல்லத்தில் சீடர்களோடு தங்கினார். தாம் இன்னாரென்று சொல்லவில்லை. பிராட்டியோ ஒவ்வொருவர் திருவடியாகச் சேவித்து வந்து, ஓரிடத்தில் நின்றாள். இவை உடையவர் திருவடிகளே, ஆயினும் காஷாயம் இல்லையே என்று கலங்கினாள். அப்போதுதான் அவர் தம்மை வெளியிட்டருளினார்.