குப்பை வண்டிச் சிறுவன் சங்கீத மேதை ஆனான்!

"ஜாஸ்" சங்கீதம் என்றதும் உலகம் நினைக்கிற பெயர், லூயி ஆர்ம்ஸ்ட்ராங்.

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே 1901-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி, ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். தாயார் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

சிறுவன் லூயி, பழைய சாமான் வாங்கும் யூதக் குடும்பம் ஒன்றின் வண்டியில் வேலை பார்த்தான். தகர ஊதலை ஊதி ஆட்களைக் கூப்பிடுவது அவன் வேலை. அவன் ஆசையை அறிந்து, "கார்னெட்" என்ற ஊதுகுழல் வாங்க அந்தக் குடும்பமே பணம் கொடுத்து உதவியது.

துப்பாக்கிச் சத்தம்

1912-ம் ஆண்டின் கடைசி இரவு. புத்தாண்டு கொண்டாட்டத்தில் லூயி துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டான். போலீசார் பிடித்தார்கள். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு வயது 11.

அந்தத் தண்டனையே அதிர்ஷ்டமாக மாறியது! அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் முறையாக வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். லூயி பள்ளி பாண்டு கோஷ்டியின் தலைவன் ஆனான்.

வீதியே பள்ளிக்கூடம்

நியூ ஆர்லியன்சில் சாவு ஊர்வலத்திலும் பாண்டு வாசிப்பார்கள். இடுகாட்டுக்குப் போகும்போது சோகப் பாட்டு. திரும்பும்போது துள்ளல் பாட்டு. வாசித்தவர்களில் பலர் பகலில் கூலி வேலை செய்தவர்கள். மெட்டை அப்படியே வாசிக்காமல், அந்த நேரத்துக் கற்பனைக்கு ஏற்ப விரித்து வாசிப்பது அவர்கள் வழக்கம். அதுதான் ஜாஸ்.

விடுதலையான லூயி பகலில் கரி வண்டி ஓட்டினார். இரவில் வாசித்தார். "கிங்" ஆலிவர் என்ற வித்துவான் அவருக்கு குருவாக அமைந்தார். 1922-ல் குரு அழைக்க, சிகாகோ போனார். 1925-ல் சொந்தக் குழு அமைத்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். புகழ் பரவியது. 1964-ல், 62-வது வயதில், அவர் பாடிய பாட்டு "பீட்டில்ஸ்" குழுவினரை முந்தி அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது!

சொந்த ஊரில் தடை

ஆனால் சொந்த ஊர் அவரை நோகடித்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று 1956-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் குழுவிலோ இரு நிறத்தவரும் இருந்தனர். தோழர்களை விலக்கிவிட்டு வாசிக்க அவருக்கு மனம் இல்லை. ஊருக்கே போகாமல் இருந்தார்.

1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, தம் குழுவோடு ஊர் திரும்பி வாசித்தார்.

ஊரிலேயே தங்கிய முதிய வித்துவான்களும் சோர்ந்துவிடவில்லை. 1961-ல் தொடங்கிய "பிரிசர்வேஷன் ஹால்" என்ற சிறு மண்டபத்தில் பழைய ஜாசை வாசித்துக் காப்பாற்றினார்கள்.

1971-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, நியூயார்க்கில் ஆர்ம்ஸ்ட்ராங் காலமானார். 2001-ல் நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

2005-ல் "கத்ரினா" புயல் நகரை வெள்ளக்காடாக்கியது. பல வித்துவான்கள் வீட்டையும் வாத்தியத்தையும் இழந்தனர். ஆனாலும் பலர் திரும்பி வந்தார்கள். சேறு படிந்த வீதிகளில் மறுபடியும் பாண்டு ஊர்வலம் கிளம்பியது!